கடனைத் திருப்பாத மனந்திரும்புதல்



மறைந்தவரை நினைவுகூர்வது என்றால் அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விகளில் ஒன்றையாவது நாம் தொடர்ந்து கேட்பது. தலித் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். பாவி யார்?

நம் சேரிகளில் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களில் பாவங்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். குடி, சூது, பொய், திருட்டு, விபச்சாரம். குடி பாவமில்லை என்று நான் வாதாட வரவில்லை. அது என்ன செய்யும் என்று அடிவாங்கிய பெண்களுக்குத் தெரியும். ஆனால் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் கல்லறைத் தோட்டத்தின் தனி வரிசையும் அறுத்துப் போட்டவனுக்குக் கொடுக்காத கூலியும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. தீங்கு செய்தவன் வீட்டுக்குப் போக வேண்டிய பிரசங்கம், தீங்கைச் சுமந்தவன் தெருவில் ஒலிபெருக்கி கட்டி நடக்கிறது.

ஒன்றை மறுக்க முடியாது. எல்லோரும் பாவிகள் என்ற போதனை நம் முன்னோரை ஈர்த்ததற்கு நியாயம் இருந்தது. முற்பிறவி வினையால்தான் இந்தப் பிறப்பு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அவர்கள். மிராசுதாரும் பண்ணையாளும் கடவுள் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. பிறப்பைப் பாவத்தின் தண்டனையாகப் பார்க்கும் கணக்கை அங்கே அவர் ஏற்கவில்லை. ஆனால் அதே போதனை பின்னாளில் ஒரு மூடுதிரையும் ஆனது. எல்லோரும் பாவிகள் என்றதும், யார் யாருக்கு எதிராகப் பாவம் செய்தார் என்ற கேள்வி காணாமல் போனது.

சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம். புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்க அதிகம் வரும் கிரேக்கச் சொல்லுக்கு, குறி தவறுதல் என்பது மூலப்பொருள். ஆனால் மத்தேயு எழுதிய கர்த்தருடைய ஜெபத்தில் அந்தச் சொல் இல்லை, கடன் என்ற சொல்தான் இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமமும் அதைக் கடன் என்றே மொழிபெயர்த்திருக்கிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல். கடனுக்கு நிலத்தை இழந்துகொண்டிருந்த கலிலேய விவசாயிகளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் பிள்ளையை விட்ட நம் பாட்டன் பூட்டனுக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பாவம் கடன் என்றால் மனந்திரும்புதல் என்ன? எபிரேயத்தில் அதன் வேர், திரும்பி வருதல். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் வழிமுறையையே சொல்கிறது. செய்ததை அறிக்கையிட வேண்டும். எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, இழந்தவன் கையில் கொடுக்க வேண்டும்.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் எரிகோ ஊரின் தலைமை வரிவசூலிப்பாளர் சகேயு இதைத்தான் செய்கிறார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏய்த்து வாங்கியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குச் சொல்கிறார். அவர் அழுததாக லூக்கா எழுதவில்லை. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது இந்தக் கணக்குக்குப் பிறகுதான். இதை நாம் ஞாயிறு பள்ளியில் அத்திமரத்தில் ஏறிய குள்ளமனிதரின் கதையாக மட்டும் படித்தோம்.

தமிழகத் திருச்சபை இந்தக் கணக்கை எப்படி எதிர்கொண்டது? 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். நற்கருணைப் பாத்திரத்தை விடத் துணிந்தவர்கள் சாதியை விடத் துணியவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுந்தது. 2003-இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். அதற்குப் பின்தான், 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்ட எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிய மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். அறிக்கைகளுக்குக் குறைவில்லை. எண்ணாகமம் சொல்லும் முதல் படியோடு சபை நின்றுவிட்டது.

அரசின் கணக்கிலும் கடன் நிற்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஆதம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அதற்காகக் குரல்கொடுத்தனர். பரலோகத்தைப் பேசியவர்களில் சிலர் பட்டாவையும் பேசினர் என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்த நிலங்கள் கைமாறிப் போயின. 1994-இல் காரணையில் அவற்றை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே.

அப்படியானால் ஆன்ம இரட்சிப்பு வெறும் ஏமாற்றா? நான் அப்படி நினைக்கவில்லை. சக மனிதனைத் தொட மறுப்பவனுக்குள் ஏதோ ஒன்று செத்துப்போயிருக்கிறது. அவனுக்கு இரட்சிப்பு தேவை. தலித்தின் ஆன்மாவுக்கும் தேவை உண்டு, ஆனால் அது வேறு தேவை. குற்றம் செய்தவனுக்குக் குற்றவுணர்வு வேண்டும். நமக்குள் திணிக்கப்பட்டது இழிவுணர்வு. அதற்கு மருந்து மன்னிப்பு அல்ல, மதிப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் பிரசங்கம் நோயாளிக்கு அடுத்தவன் மருந்தைக் கொடுக்கிறது.

இந்த அளவுகோல் நம்மையும் அளக்கும். அருந்ததியரைக் கீழே பார்க்கும் தலித், மனைவியை அடிக்கும் போராளி, இருவருக்கும் கடன் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் என்பதால் அது தள்ளுபடி ஆகாது.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். உங்கள் ஊர்ச் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறையில் யார் எங்கே புதைக்கப்படுகிறார், சபைக் குழுவில் யார் இருக்கிறார், சபை நடத்தும் பள்ளியிலும் கல்லூரியிலும் வேலையும் இடமும் யாருக்குப் போகின்றன, சபை நிலத்தை யார் அனுபவிக்கிறார் என்று எழுதுங்கள். அடுத்த உபவாசக் கூட்டத்தில் பாவ அறிக்கைக்கு அழைக்கும்போது அந்தத் தாளை மேடையில் வையுங்கள். எதை, யாரிடம், எந்தத் தேதிக்குள் திருப்பித் தரப்போகிறோம் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.