ஹலால் முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது

எங்கள் வாப்பா ஒன்பது வருடமாகப் பிளேன்டீக்குச் சீனி போடுவதில்லை. இறம்பொடையில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் "சீனி வேணாம்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் இரவு பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் கோழி சுட்டார்கள். வாப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். சோறு இல்லை, ரொட்டி இல்லை, வட்டிலாப்பத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி பார்த்தபோது வழமையை விட அறுபது, எழுபது கூடுதலாகக் காட்டியது. யாருக்கும் தெரியாமல் வட்டிலாப்பத்தில் கை வைத்துவிட்டார் என்று உம்மா சத்தம் போட்டார். பாவம், மனிதர் அன்று குற்றமற்றவர்.

முற்றத்தில் கிடந்த வெற்றுப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். பார்பிகியூ சோஸ். ஒரு பரிமாறலுக்கு 5 கிராம் சீனி என்று போட்டிருந்தது. கேட்க அற்பமான தொகைதான். ஆனால் அந்த ஒரு பரிமாறல் என்பது வெறும் 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி கூட நிரம்பாத அளவு. 100 கிராமுக்குக் கணக்கிட்டால் 33 கிராம் சீனி. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு! சுடும்போது பூசியது, தட்டில் தொட்டுக்கொண்டது எல்லாம் சேர்த்து வாப்பா 60 கிராமாவது சாப்பிட்டிருப்பார். அது 20 கிராம் சீனி, ஐந்து தேக்கரண்டி. ஒன்பது வருடம் தேநீரில் தவிர்த்ததை ஒரே இரவில் கோழியோடு சாப்பிட்டிருக்கிறார். முழுப் பழியையும் சோஸின் மீது போட முடியாதுதான். ஆனாலும் பெரும் பங்கு அதற்குத்தான்.

அந்தப் போத்தல் ஒன்றும் விதிவிலக்கல்ல. உலகம் முழுவதும் சுப்பர் மார்க்கட் தட்டுகளைப் பிடித்திருப்பது அமெரிக்காவின் கன்சாஸ் நகரப் பாணியிலான, தடித்த, இனிப்பான சோஸ்தான். தக்காளி, வினாகிரி, மொலாசஸ், சீனி என்பவைதான் அதன் அடிப்படை. இவ்வகைச் சோஸ்களில் 100 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டிய சீனி சாதாரணம். நாம் எல்லாவற்றுக்கும் ஊற்றும் தக்காளி சோஸிலும் இருபதுக்கு மேல் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் சேர்ப்புச் சீனியை நிறுத்தச் சொல்லி 2015இல் வழிகாட்டியது. இந்தத் தொகைகள் அந்த எல்லையோடு எப்படி ஒத்துப்போகின்றன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது மக்களுக்குப் போத்தலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹலால் முத்திரையைத் தேடிச் சின்னப் பிள்ளைகளும் திருப்பிப் பார்ப்பார்கள். அது தேவையான பழக்கம். அமெரிக்காவில் தயாராகும் சில பார்பிகியூ சோஸ்களில் பேர்பன் விஸ்கி கூடச் சேர்க்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவரும் போத்தலில் இதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஹலால் முத்திரை சீனியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது அதன் வேலையும் அல்ல. ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது சொல்லுக்கான விடை முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள போஷாக்கு அட்டவணையில் இருக்கிறது.

அதை வாசிக்க இலங்கையர்களான நமக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. 2016 ஆகஸ்டில் குளிர்பானங்களுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக்குறி வந்தது நினைவிருக்கும். பின்னர் 2019இல் திண்ம, அரைத்திண்ம உணவுகளுக்கும் அந்த முறை கொண்டுவரப்பட்டது. அதன்படி 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 8 முதல் 22 வரை செம்மஞ்சள், 8க்குக் குறைவு பச்சை. கையிலுள்ள போத்தலில் நிறம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 22, 8 என்ற இரண்டு எண்களையும் மனதில் வைத்து, "100 கிராமுக்கு" என்ற நிரலை மட்டும் பாருங்கள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற நிரலை விட்டுவிடுங்கள்; ஏமாற்றம் அங்கேதான் நடக்கிறது. எட்டாம் தரத்துக்குச் சதவீதம் படிப்பிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து வெற்றுப் போத்தல் கொண்டுவரச் சொன்னேன். மேசை நிறைந்துவிட்டது, பச்சைக்குள் வந்தவை மிகச் சில.

அட்டவணைக்கு அருகே உள்ளடக்கப் பட்டியல் இருக்கும். எது நிறை கூடியதோ அது முதலில் வரும். சீனி முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். சில கம்பனிகள் சீனியைப் பிரித்துப் பிரித்து, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மொலாசஸ், தேன் என்று நாலு பெயரில் போட்டிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பட்டியலில் கீழே இருக்கும், சேர்த்தால் முதலிடம்.

நுவரெலியாவிலும் கம்பளையிலும் உள்ள சாதாரண கடைகளில் "குறைந்த சீனி பார்பிகியூ சோஸ்" என்று தேடி அலைய வேண்டாம். அதே தட்டில் வேறு போத்தல்கள் இருக்கின்றன. தண்ணீராக ஓடும், மிளகாயும் வினாகிரியும் உப்பும் மட்டும் சேர்ந்த காரச் சோஸில் சீனி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் "சுவீட் சில்லி" என்று எழுதிய போத்தல் பார்பிகியூ சோஸையும் மிஞ்சும். சாதாரண மஞ்சள் கடுகுச் சோஸில் சீனி மிகக் குறைவு. சோயா சோஸிலும் குறைவு, இனிப்புச் சோயா என்றால் கதையே வேறு. இவை எல்லாவற்றிலும் உப்பைக் கவனியுங்கள். அட்டவணையில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்கினால் உப்பு கிடைக்கும். 100 கிராமில் 1.25 கிராம் உப்பைத் தாண்டினால் சிவப்பு. சோஸ் வகையில் பெரும்பாலானவை இதில் சிவப்பாகவே இருக்கும். பிரஷர் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

"சீனி இல்லை" என்று பெரிதாக எழுதிய வெளிநாட்டுப் போத்தல்களில் அநேகமாகச் சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு இருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு எப்போதாவது அது உதவலாம். உடம்பு மெலிய இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. நீரிழிவாளர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்பதையும் அதே இடத்தில் குறிப்பிட்டிருக்கிறது.

சுடும் முறையிலும் விஷயம் இருக்கிறது. இனிப்புச் சோஸை முதலிலேயே இறைச்சியில் பூசி அடுப்பில் வைத்தால் சீனி கருகும், வெளியே கறுத்து உள்ளே வேகாமல் கிடக்கும். பிறகு கசப்பை மறைக்க இன்னும் சோஸ் ஊற்றுவோம். மிளகு, பூண்டு, இஞ்சி, வினாகிரி பூசி இறைச்சியை ஊறவைத்துச் சுட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் சோஸைத் தூரிகையால் தடவினால் போத்தலில் கால்வாசி போதும். புகை மணத்துக்கும் போத்தல் தேவையில்லை. சிரட்டைக் கரியும், காய்ந்த தேயிலை மிலாறும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்தப் பெருநாளுக்கு நாங்கள் வீட்டிலேயே சோஸ் செய்தோம். அரைக் கிலோ பழுத்த தக்காளி, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, கொச்சிக்காய்த்தூள், மிளகு, ஒரு துண்டு கறுவா, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் உப்பு. அவித்து அரைத்து, பாதியாக வற்றும்வரை கிண்டினால் முடிந்தது. தக்காளி, வெங்காயத்தின் இயற்கைச் சீனியையும் சேர்த்தால் கூட 100 கிராமுக்கு ஏறக்குறைய 7, 8 கிராம்தான் வரும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கடைச் சோஸ் மாதிரி மாதக்கணக்கில் இருக்காது. பிள்ளைகளுக்கு முதல் தடவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாப்பாவுக்கு எரிவு போதாதாம். அடுத்த முறை கொச்சிக்காய்த்தூளைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்.