நீர்க்கட்டி அல்ல, நின்றுபோன நுண்ணறை

பேச்சுவழக்கில் நீர்க்கட்டி என்றும் மருத்துவமனைகளில் பிசிஓஎஸ் என்றும் அறியப்படும் சினைப்பைக் கோளாறைப் பற்றிய குழப்பம் அதன் பெயரிலேயே தொடங்குகிறது. ஸ்கேன் திரையில் சினைப்பையின் ஓரமாக மணி கோத்ததுபோல் தெரியும் கரிய வட்டங்கள் கட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு முட்டையைச் சுமந்து 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, அதற்குமேல் முதிராமல் நின்றுபோன நுண்ணறைகளே அவை. 1935-இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைனும் லெவந்தாலும் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்ததும் இத்தகைய பெருத்த சினைப்பைகளைத்தான். கண்ணில் பட்டதே பெயராக நிலைத்துவிட்டது.

மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் தூண்டல்கள் இயல்பைவிட விரைவாக வரும்போது, பிட்யூட்டரி சுரப்பி எல்எச் ஹார்மோனை மிகுதியாகவும், நுண்ணறையை முதிரச்செய்யும் எஃப்எஸ்எச் ஹார்மோனை அதற்கு ஈடாகாத அளவிலும் சுரக்கிறது. அதனால் நுண்ணறையின் புறச்சுவரிலுள்ள தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்க, அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவேண்டிய கிரானுலோசா செல்கள் பின்தங்க, நுண்ணறை முதிராமல் நின்றுவிடுகிறது.

இன்சுலினின் பங்கு இன்னும் விசித்திரமானது. தசைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. சினைப்பையோ அதற்கு வழக்கம்போல் இணங்கி, எல்எச்சோடு சேர்த்து ஆண்ட்ரோஜனை மேலும் பெருக்குகிறது. அதே இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைப்பதால், இரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகத் தெரியும்போதுகூடப் பிணைப்பற்ற டெஸ்டோஸ்டிரோன் கூடி, மோவாயில் ரோமமாகவும் முகத்தில் பருவாகவும் வெளிப்படலாம். பின்கழுத்தில் வெல்வெட்போல் தடித்துப் படரும் கருமையை அழுக்கென்று சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மிகை இன்சுலினின் அடையாளமான அது தேய்த்துப் போவதில்லை. மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு வருவதால், எல்லாப் பழியையும் உடல் எடைமீது போடுவது நியாயமன்று.

ஒற்றைப் பரிசோதனையால் இதை உறுதிசெய்ய இயலாது. 2003-இல் ரோட்டர்டாமில் வகுக்கப்பட்ட நெறி, முட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, நுண்ணறைகள் மலிந்த சினைப்பை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், ஒத்த பிற நோய்களை விலக்கியபின், பிசிஓஎஸ் என முடிவுசெய்கிறது. ஆகவே 'நீர்க்கட்டி' ஒன்றுகூட இல்லாமலேயே ஒருவருக்கு இக்கோளாறு இருக்கலாம். சிறு நுண்ணறைகளின் கிரானுலோசா செல்கள் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனின் அளவை ஸ்கேனுக்கு மாற்றாகக் கொள்ள 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் இடமளித்தது. ஆனால் வளரிளம் பெண்களுக்கு இரண்டையுமே அது பரிந்துரைக்கவில்லை. பூப்பெய்திய பின் வரும் சில ஆண்டுகளில் சினைப்பை நிறைய நுண்ணறைகள் இருப்பது இயல்பே.