சேத்துப்பட்டில் நிலைத்த ஆய்வு

சென்னைக் கடற்கரை - தாம்பரம் ரயில் பாதையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் இருக்கிறது. தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அது வெறும் ஊர்ப்பெயர். காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்து, ஓய்வும் நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவமனையால் வந்த பெயர் அது. டிபி என்றால் சானடோரியம் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு, அதே ரயில் பாதையில் உள்ள சேத்துப்பட்டில்தான் நடந்தது.

வளரும் நாடுகளில் சுகாதார ஆராய்ச்சித் திறனை வளர்ப்பது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஏழை நாட்டு நிறுவனத்தோடு கைகோக்கும்; பணம் வரும், கருவிகள் வரும், பயிற்சி வரும். காகிதத்தில் இது எப்போதுமே அழகாகத்தான் இருக்கும். திட்டம் முடிந்து வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்ப்பதற்குச் சேத்துப்பட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1950களின் நடுப்பகுதி. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் என்று காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. இந்தியாவில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். சானடோரியம் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எத்தனை கட்டடம் கட்டினாலும் அந்த இடைவெளி அடையப்போவதில்லை. ஆகவே கேள்வி எளிமையாக எழுந்தது: நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? லண்டனில் யாருக்கும் இந்தக் கேள்வி அவ்வளவு அவசரமாக இருந்திருக்காது. அங்கே படுக்கைகள் இருந்தன. பதில் தேவைப்பட்டது இங்கேதான்.

1956இல் நான்கு தரப்புகள் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை அந்த நான்கு. ஐந்தாண்டுத் திட்டம் என்றுதான் ஏற்பாடு. தலைமை ஏற்றவர் பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ்.

முதல் ஆய்வில் 193 நோயாளிகள், நகரத்தின் ஏழைகள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஓராண்டு அதே இரண்டு மருந்துகள், ஐசோனியசிட்டும் பாஸும். இதில் கடினமான பகுதி, வீட்டிலிருப்பவர்கள் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று அறிவது. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். சளியை மாதாமாதம் வாங்கி, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளுக்குள் நடந்து, பேசி, நோயாளியைத் தேடிப் பிடிக்கும் இந்த வேலையைச் செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். திறன் என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான். கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். ஒரு நோயாளி ஏன் மருந்தை நிறுத்தினார் என்று அவர் வீட்டு வாசலில் நின்று தெரிந்துகொள்ளும் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது.

முடிவு 1959இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினரிடம் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். மோசமான சாப்பாடு, ஓய்வில்லாத உடல், காற்றோட்டமில்லாத அறை இவற்றையெல்லாம் மீறி மருந்து வேலை செய்திருந்தது. வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளுமே என்ற அச்சத்துக்கும் பதில் கிடைத்தது. குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட இவர்களிடம் நோய் கூடுதலாகப் பரவவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் நோயாளியிடமிருந்து பரவும் ஆபத்து விரைவாகக் குறைகிறது. 1962இல் உருவான இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. சானடோரியங்கள் உலகெங்கும் மெல்ல மூடின.

1959இல் அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையை யார் எழுதியதாகப் போட்டார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்த விஷயம். தனி ஆள் பெயர் இல்லை. காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை என்று நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. இன்று கூட்டு ஆய்வுகளில் கசப்பு பெரும்பாலும் தொடங்கும் இடம் ஆசிரியர் வரிசைதான். மாதிரிகளைச் சேகரித்தவர் நடுவில் எங்கோ இருப்பார். முதலிலும் கடைசியிலும் வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கும்.

ஐந்தாண்டு முடிந்ததும் மையம் மூடப்படவில்லை. 1964இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அதைத் தன் நிரந்தர நிறுவனமாக ஆக்கிக்கொண்டது. வாரம் இருமுறை, பணியாளர் கண்முன்னே மருந்து கொடுத்தால் போதுமா என்ற அடுத்த கேள்வியும் இங்கேதான் சோதிக்கப்பட்டது. கண்முன் மருந்து கொடுக்கும் முறை பின்னாளில் டாட்ஸ் என்ற பெயரில் உலகைச் சுற்றியது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற, யாரும் விரும்பாத முடிவைத் தந்தது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமானது. 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமானது. இயக்குநர் நாற்காலியில் இந்தியர்கள் அமர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

எல்லா இடத்திலும் கதை இப்படி முடிவதில்லை. வளர்ச்சிக்கான சுகாதார ஆராய்ச்சி ஆணையம் 1990இல் ஒரு கணக்கைக் காட்டியது. தவிர்த்திருக்கக்கூடிய அகால மரணச் சுமையில் 93 சதவீதம் வளரும் நாடுகளில். உலகச் சுகாதார ஆராய்ச்சிச் செலவில் அந்நாடுகளின் பிரச்சினைகளுக்குப் போனது 5 சதவீதம்தான். வளரும் நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவில் 2 சதவீதத்தையாவது ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த ஆணையம் கேட்டுக்கொண்டது. சொந்தப் பணம் கொஞ்சமும் போடாத இடத்தில், எதை ஆராய்வது என்பதைப் பணம் போடுகிறவர்தான் முடிவு செய்வார்.

டாக்காவைப் பாருங்கள். 1960இல் அமெரிக்க ஆதரவோடு அங்கே காலரா ஆய்வுக்கூடம் தொடங்கியது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்று 1968இல் நிரூபித்தது அந்த இடம். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்னால் அந்த வேலை இருக்கிறது. அதை அறிவித்த கட்டுரையைச் சொல்லும்போது டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற அமெரிக்கர்களை உலகம் நினைவுகூர்கிறது. உடன் ஆசிரியர்களான ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா பெயர்கள் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஆய்வுக்கூடம் 1978இல் வங்கதேசச் சட்டத்தின் மூலம் சர்வதேச ஆய்வு மையமாக உருமாறியது. மத்லப் பகுதியின் கிராமங்களில் பிறப்பு, இறப்பு ஒவ்வொன்றையும் 1966 முதல் பதிந்து வருகிறார்கள். இவ்வளவு வேரூன்றிய நிறுவனத்திலேயே, 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி சட்டென்று நின்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். தூர தேசத்துத் தலைநகரில் போட்ட ஒரு கையெழுத்து, நோயாளிகளை வீடுவீடாகத் தேடிப்போன களப்பணியாளரின் சம்பளத்தை நிறுத்திவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம்தான்.

மாதிரிகளும் ஒரு தகராறு. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது நோயாளிகளின் ரத்தக் குப்பிகள் ஆயிரக்கணக்கில் வெளிநாடுகளுக்குப் போயின. நோயைச் சுமந்த நாடுகளின் விஞ்ஞானிகளே தங்கள் மக்களின் ரத்தத்தை ஆராய வேறொருவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. விமானத்தில் வந்திறங்கி, மாதிரி எடுத்துக்கொண்டு பறந்துவிடும் இந்த வழக்கத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹெலிகாப்டர் ஆராய்ச்சி’.

சேத்துப்பட்டுக்குத் திரும்பலாம். 1959 ஆய்வில் ஒரு நிழல் இருந்தது. சரியாகச் சாப்பிடாதவரும் மருந்தால் குணமானார் என்பதிலிருந்து, காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் வேரோடிவிட்டது. குணமாவதும் நோய் வராமல் தடுப்பதும் வேறு வேறு என்பது மறந்துபோனது. 2019இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்தார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பணத்தில், சென்னை நிறுவனத்தின் பங்கேற்போடு. 2,800 நோயாளிகளுக்கு உணவுப் பொதி கொடுத்தார்கள். அவர்கள் குடும்பத்தினர் 10,345 பேரில் ஒரு தரப்பாருக்கு மட்டும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கிடைத்தன. அப்படிப் பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு நோயாளிக்குத் தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, அடுத்த ஆண்டே மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகியது.