வேலியே பயிரை மேயலாமா?



பொதுச் சொத்து என்பது மக்கள் தம் ஆட்சியாளர்களிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதில் கை வைப்பவன் ஒரு தனி மனிதனின் பொருளைத் திருடுபவனைவிடக் கொடியவன். ஏனெனில் ஏழையின் பங்கையும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் பங்கையும் அவன் சேர்த்தே அபகரிக்கின்றான். அத்தகையோரைத் தடுக்க ஒரு சட்டம் இருந்தால் போதுமா? அண்டை மாநிலமான கர்நாடகத்தின் அனுபவம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

லோக் ஆயுக்தா என்றால் என்ன?

அமைச்சர்கள், அதிகாரிகள் ஆகியோர் மீதான முறைகேட்டுப் புகார்களை ஆட்சியாளர்களின் தலையீடின்றி விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது. மாநில அளவில் அவ்வமைப்பே லோக் ஆயுக்தா ஆகும். கர்நாடகம் இதற்கென 1984இல் சட்டம் இயற்றியது. உயர்ந்த நீதித்துறைப் பதவி வகித்தவரைத் தலைவராகக் கொண்ட அவ்வமைப்பிற்குத் தனிக் காவல் பிரிவும் இருந்தது. 2001இல் பொறுப்பேற்ற நீதிபதி வெங்கடாசலா, அதிகாரிகளின் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் தொடர் சோதனைகள் நடத்தினார். புகாரைக் கேட்கும் காது மட்டுமின்றி, குற்றவாளியைப் பிடிக்கும் கையும் அவ்வமைப்பிற்கு உண்டு என்பதைச் சாமானிய மக்கள் அப்போது கண்டனர்.

பெல்லாரியில் நடந்தது

சீனாவின் தேவை பெருகியதால் இரும்புத் தாதுவின் விலை உயர்ந்தது. பெல்லாரியில் உரிம எல்லையைத் தாண்டி, வனப்பகுதிகளிலும் தாது தோண்டப்பட்டது. அனுமதித்த அளவைவிட அதிகமாக லாரிகளில் ஏற்றப்பட்டு, போலி அனுமதிச் சீட்டுகளுடன் துறைமுகங்களுக்குச் சென்றது. பணம் கொடுத்துவிட்டால் வழியில் எவரும் மறிக்கமாட்டார்கள் என்னும் ஏற்பாடே அங்கு நிலவியது.

2010இல் வட கன்னட மாவட்டத்தின் பெலகேரி துறைமுகத்தில் பறிமுதல் செய்து வைத்திருந்த தாதுவில் பல லட்சம் டன் மாயமாயிற்று. அதைக் கைப்பற்றிய வன அதிகாரியையே பணியிடை நீக்கம் செய்ய முற்பட்டனர். மனம் வெறுத்த லோக் ஆயுக்தா, நீதிபதி சந்தோஷ் ஹெக்டே, அவ்வாண்டு ஜூன் மாதம் பதவி விலகல் கடிதம் அளித்தார். பலரும் வேண்டியபின் அதைத் திரும்பப் பெற்றார்.

2011 ஜூலை 27 அன்று அவர் அளித்த அறிக்கை, 2006 முதல் 2010 வரை அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,085 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. அதில் தம் பெயரும் இடம்பெற்றதால் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். அது தொடர்பான வழக்கிலிருந்து 2016இல் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அறிக்கை வெளியான அதே வாரத்தில் பெல்லாரியில் சுரங்கப் பணிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

வேலிக்கு நேர்ந்த கதி

சில ஆண்டுகளிலேயே அந்த வேலியிலும் கறையான் ஏறியது. லோக் ஆயுக்தா அலுவலகத்தின் பெயராலேயே அதிகாரிகளை மிரட்டிப் பணம் பறிப்பதாக 2015இல் புகார் எழுந்தது. அப்போதைய லோக் ஆயுக்தாவின் மகனே கைதானார். அவ்வாண்டின் இறுதியில் தந்தையும் பதவி விலகினார்.

பழுதடைந்த வேலியைச் செப்பனிடுவதே முறை. ஆனால் 2016 மார்ச்சில் மாநில அரசு ஊழல் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தோற்றுவித்து, லோக் ஆயுக்தா காவல் பிரிவின் அதிகாரங்களை அதற்கு மாற்றியது. அப்புதிய பிரிவு முதலமைச்சரின் கட்டுப்பாட்டில் இயங்கியது. விசாரிக்கப்பட வேண்டியவர்களின் கீழேயே விசாரணை செய்பவர்கள் பணியாற்றினால் நீதி எங்ஙனம் பிறக்கும்?

வழக்கறிஞர் சங்கமும், தார்வாட்டைச் சேர்ந்த சமாஜ பரிவர்த்தன சமுதாய அமைப்பும், பிறரும் நீதிமன்றத்தை நாடினர். 2022 ஆகஸ்ட் 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அப்பிரிவைக் கலைத்து, அதிகாரங்களை மீண்டும் லோக் ஆயுக்தாவிடம் ஒப்படைத்தது.

நாம் பெற வேண்டிய படிப்பினை

ஒவ்வொரு மாநிலமும் லோக் ஆயுக்தாவை நிறுவ வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆயினும் அதன் அதிகாரம் எத்தகையது என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. எனவே பெயர்ப்பலகையைக் கண்டு நாம் மனநிறைவு அடைந்துவிடலாகாது. தலைவர் நேர்மையானவரா? விசாரணை செய்வோர் ஆட்சியாளரின் பிடியிலிருந்து விலகியவரா? வழக்கு காலத்தே முடிகின்றதா? இம்மூன்றையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சகோதரர்களே! கர்நாடகத்தில் சாய்ந்த வேலியை நிமிர்த்துவதற்கு முதலில் குரல் எழுப்பியவர்கள் குடிமக்களே. நம்பிக்கை அங்கேதான் இருக்கின்றது. ஆனால் தன் காரியம் விரைவாக முடிய நூறு ரூபாயை நீட்டும் கைக்கு, கோடிகளைச் சுருட்டியவனைச் சுட்டும் துணிவு வராது. வேலியைக் காக்கும் பணி நம் கைகளிலிருந்தே தொடங்கட்டும்.