துறைகளின் கூட்டுறவு

அறிவைத் துறைதுறையாகப் பகுத்துக் கற்பது கல்லூரிகளின் வழக்கம். ஒருவர் கணிதம் பயில்வர். ஒருவர் பொருளாதாரம் பயில்வர். மற்றொருவர் மொழியும் இலக்கியமும் பயில்வர். இப்பகுப்பின்றி ஆழ்ந்த புலமை எய்துதல் அரிது. ஆயினும், உலக வாழ்வில் எழும் சிக்கல்கள் இப்பகுப்பை அறியமாட்டா. ஓர் ஆலையில் தொழிலாளர் பலர் வேலையிழப்பரேல், அது கணக்கைச் சார்ந்ததா, பொருளாதாரத்தைச் சார்ந்ததா, உளநூலைச் சார்ந்ததா? எல்லாவற்றையும் சார்ந்ததே என்பது வெளிப்படை. அங்ஙனமாயின், பல துறை அறிஞர் ஒருங்குகூடி ஆராய்தலும் பயிற்றுதலும் இயலுமா? இயலுமாயின், அதனால் ஒவ்வொரு துறையின் ஆழமும் கெடாதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பான் வேண்டி, அத்தகைய முயற்சி நிகழ்ந்த ஓரிடத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டிலே பிட்ஸ்பர்க் என்பது எஃகுத் தொழிலாற் பெயர்பெற்ற நகரம். அங்கிருந்த கார்னெகி தொழில்நுட்பக் கழகத்திற்கு, 1949-ஆம் ஆண்டில், எண்ணெய்த் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டிய வில்லியம் லாரிமர் மெலன் என்பார் 60 இலட்சம் டாலர் நன்கொடை நல்கினார். அதனைக்கொண்டு தொழில் நிர்வாகக் கலாசாலை ஒன்று நிறுவப்பெற்றது. பொருளாதார அறிஞராகிய ஜார்ஜ் லீலண்ட் பாக் அதன் முதல் தலைவரானார். அரசியல் நூலிற் பட்டம் பெற்ற ஹெர்பர்ட் சைமனும், கணக்கியலிலும் பொருளாதாரத்திலும் வல்ல வில்லியம் கூப்பரும் அவருக்குத் துணைநின்றனர். அக்காலத்து வணிகக் கல்லூரிகள் பலவும் தொழிலுலகின் நடைமுறைகளை எடுத்துரைப்பதோடு அமைந்தன. இவர்களோ, நிர்வாகம் என்பதனைக் கணிதமும் பொருளாதாரமும் மனிதர் நடத்தை பற்றிய நூல்களும் ஒருங்கு சேர்ந்து ஆராய்தற்குரிய பொருளாகக் கொண்டனர்.

இக்கூட்டாராய்ச்சி நடந்தவாற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். பிட்ஸ்பர்க்கை அடுத்த ஸ்பிரிங்டேல் என்னும் ஊரில் வர்ணம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வர்ணத்தின் தேவை மாதந்தோறும் ஏறியிறங்கும். தேவை ஏறும்போது ஆட்களைச் சேர்த்துக் குறையும்போது நீக்கினால், பயிற்றும் செலவும் நீக்கும் செலவும் உண்டாம். ஆட்களை மாற்றாது மிகைநேரம் வேலை வாங்கினால், கூலி மிகும். முன்னரே செய்து சேமித்து வைத்தால், சரக்கிற் பணம் முடங்கும். சேமியாது விட்டாலோ, வாங்குவோர் காத்திருக்க நேரும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும் இந்நிலையில், இம்மாதம் எவ்வளவு செய்வது, எத்தனை பேரை வைத்துக்கொள்வது?

இவ்வினாவை ஆராய்ந்தவர் நால்வர். சார்ல்ஸ் ஹோல்ட் மின்பொறியியல் பயின்று பின்னர்ப் பொருளாதாரத்திற் புகுந்தவர். பிராங்கோ மொடிக்லியானி ரோமாபுரியிற் சட்டம் பயின்று பொருளாதார அறிஞரானவர். ஜான் மூத் தொழிற்பொறியியல் பயின்றவர். நான்காமவர் சைமன். அவர்கள் மேற்கூறிய செலவுகள் அனைத்தையும் கணித வடிவில் அமைத்தனர். அக்காலத்தில் விரைந்து கணக்கிடும் பொறிகள் அரியனவாதலின், மேலாளர் ஒருவர் கையாற் கணக்கிடத்தக்க எளிய இரண்டு விதிகள் அமையுமாறு அவ்வடிவைத் தேர்ந்தனர். ஒன்று செய்ய வேண்டிய அளவையும், மற்றொன்று வேண்டிய ஆட்தொகையையும் காட்டும். ஆலையின் பழைய கணக்குகளோடு ஒப்பிட்டபோது, இவ்விதிகளைப் பின்பற்றியிருப்பின் செலவு குறைந்திருக்கும் என்பது புலனாயிற்று. அவர்கள் கண்டவை 1960-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நால்வரையும் கூட்டியது ஒரு கட்டிடம் அன்று. எல்லாரும் விடைகாண விழைந்த ஒரு வினாவே.

வியப்பு இதனோடு முடியவில்லை. ஒரே வேலையில் ஈடுபட்ட இருவர் நேர்மாறான இரு கொள்கைகளை நிலைநாட்டினர். மனிதர் எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்து மிகச் சிறந்ததையே தேர்வதில்லை. அறிவும் காலமும் அளவுபட்டவையாதலின், போதுமென்று தோன்றும் ஒன்றைக் கண்டதும் அமைவர் என்பது சைமன் கொள்கை. மூத் என்பவரோ, பொருளுலகில் இயங்குவோரின் எதிர்பார்ப்புகள் பொருளாதார நூலின் முடிவுகளோடு பொதுவாக ஒத்திருக்கும் என்று 1961-ஆம் ஆண்டில் எழுதினார். சைமன் 1978-ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்குரிய நோபெல் பரிசு பெற்றார். மூத்தின் கருத்தை வளர்த்த ராபர்ட் லூக்காஸ் 1995-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். கூட்டாராய்ச்சி எல்லாரையும் ஒரே கருத்தினராக்கிவிடும் என்று அஞ்சுவோர்க்கு இதுவே தக்க விடை.

அக்கலாசாலையின் கீழ்த்தளத்தில் 1956-ஆம் ஆண்டில் கணிப்பொறி ஒன்று நிறுவப்பெற்றது. மனிதர் சிக்கல்களை எவ்வாறு ஆராய்ந்து தீர்க்கின்றனர் என்பதனைப் பொறியின் வாயிலாக அறியச் சைமனும் ஆலன் நியூவெலும் முயன்றனர். அவ்வாண்டின் தொடக்கத்தில், தாம் எழுதிய திட்டம் பொறியில் இயங்குமுன்னரே, சைமன் தம் மனைவி மக்களையும் மாணவர் சிலரையும் கூட்டி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்து, அவரவரைத் திட்டத்தின் ஒவ்வோர் உறுப்பாக நடிக்கச் செய்து பார்த்தனர். நிர்வாகத்தைப் பற்றிய ஆராய்ச்சி இங்ஙனம் உளநூலாகவும் கணிப்பொறி விஞ்ஞானமாகவும் கிளைத்தது. 1965-ஆம் ஆண்டில் கணிப்பொறி விஞ்ஞானத்திற்கெனத் தனித்துறையே அங்கு எழுந்தது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1969-ஆம் ஆண்டில் அவ்விடத்து ஆசிரியராகி, 1994-ஆம் ஆண்டில் டூரிங் பரிசு பெற்றமை நமக்கு உவகை தருவதாம்.

இனி, பயிற்றும் முறையைக் காண்பாம். 1950-களின் பிற்பகுதியில் அங்கே ‘நிர்வாக விளையாட்டு’ ஒன்று வகுக்கப்பெற்றது. மாணவர் குழுக்களாகப் பிரிந்து, சலவைத்தூள் செய்யும் மூன்று கற்பனைக் கம்பெனிகளை நடத்துவர். விலை, விளம்பரம், உற்பத்தி, கடன் ஆகிய அனைத்தையும் அவர்களே முடிவு செய்வர். விளைவைக் கணிப்பொறி கணக்கிட்டுக் காட்டும். கணக்கில் வல்லவன் விற்பனையில் இடறுவான். விற்பனையில் வல்லவன் பணமின்றித் தவிப்பான். தன் துறை மட்டும் போதாது என்பதனை விரிவுரையினும் தெளிவாக இவ்விளையாட்டு உணர்த்திற்று.

ஆயினும், இக்கூட்டுறவு எளிதில் நிலைப்பதன்று. இத்தகைய கலாசாலையை நடத்துதல் எண்ணெயையும் தண்ணீரையும் கலப்பது போன்றதென்றும், கலந்தபின் வாளாவிடின் அவை மீண்டும் பிரிந்துவிடுமென்றும் சைமனே 1967-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் சொல் அவரிடத்தே பலித்தது. பொருளாதார அறிஞரோடு கருத்து வேற்றுமை முதிர, அவர் உளநூலையும் கணிப்பொறி விஞ்ஞானத்தையுமே தம் இடமாக்கிக்கொண்டார். துறைப்பற்று இயல்பாகவே மனிதரைப் பிரிக்கும் ஆற்றலுடையது. எனவே, இடையறாது கலக்கும் கை ஒன்று வேண்டும். பொதுவான வினாவும், பிறர் துறையின் மொழியைக் கற்கும் பொறுமையும், மாறுபட்டோரையும் மதிக்கும் பண்புமே அக்கையாம்.

முதலில் எழுப்பிய வினாக்களுக்கு இனி விடை கூறலாம். பல துறையினர் கூடி ஆராய்தல் இயலும். அதனால் ஆழம் கெடுவதில்லை. ஆழமில்லாதாரே கூடின் கெடும். மேற்கூறிய நால்வரும் நுனிப்புல் மேய்ந்தவரல்லர். தத்தம் துறையில் ஊன்றி நின்றே பிறர் துறைக்குக் கை நீட்டினர். உடல் ஒன்றாயினும் உறுப்புகள் பல என்று பவுலடியார் கொரிந்து சபையார்க்கு விளக்கிய உண்மை கல்விக்கும் பொருந்தும். கண் கண்ணாகவே இருத்தல் வேண்டும்; ஆனால் கையை வேண்டாமென்று தள்ளுதல் கூடாது. ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளிற் பயின்றும், ஒருவர் கற்பதை மற்றவர் அறியாமலே மூன்றாண்டுகளைக் கழிப்பது நம்மிடையே அரிதன்று. நம் பாடத்தை ஐயமறக் கற்போமாக. அதனோடு, அடுத்த அறையில் ஆராயப்படும் வினா யாதென்றும் சென்று கேட்போமாக.