கணனியும் எங்கள் கிணறும்

கணனியைச் சுத்தமான பொருள் என்றே நாம் எண்ணுகிறோம். அதிலிருந்து புகை வருவதில்லை, எண்ணெய் சிந்துவதில்லை. சுற்றாடல் மாசு என்றதும் பொலித்தீனும் காடழிப்பும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, பாடசாலை மேசையில் இருக்கும் கணனியோ சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசியோ நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அது பிறக்கும்போதும் இறக்கும்போதும் மண்ணுக்கும் நீருக்கும் செய்யும் கேடு பெரிது. ஓலைத்தொடுவாய் போன்ற மணற்கரைக் கிராமங்களில் வாழ்பவர்கள் இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

பிறப்பின் விலை

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணனியைச் செய்து முடிக்க 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ இரசாயனப் பொருட்களும், 1,500 லீற்றர் நீரும் செலவாகின்றன என்று அது கணக்கிட்டது. நலன்புரி நிலையத்தில் ஆயிரம் லீற்றர் தாங்கியின் முன் குடத்துடன் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நீரின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

வீட்டுக் கணனி ஒன்றின் வாழ்நாளில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அது நம் கைக்கு வருமுன்பே செலவாகிவிடுகிறது என்பதும் அவ்வாய்வாளர்களின் முடிவு. ஆகவே மூன்று ஆண்டுகளில் தூக்கி எறியும் கணனியை ஆறு ஆண்டுகள் பாவிப்பதே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு.

எமது மணலின் இயல்பு

மன்னார்த் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றிலும் துரவிலும் அள்ளிக் குடிக்கிறோம். கட்டுக்கரைக்குளத்தை அண்டிய முருங்கன் வயல்களின் களிமண் நஞ்சை ஓரளவு பிடித்து வைக்கும். கடற்கரை மணலுக்கு அந்த வலிமை இல்லை. மேலே கொட்டியது விரைவில் கீழே போகும்.

பழைய கண்ணாடித் திரையொன்றில் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ஈயம் இருக்கிறது. மின்சுற்றுப் பலகைகளின் பற்றுவைப்பிலும் ஈயம் உண்டு. சில பற்றரிகளில் கட்மியம் உண்டு. வளவின் மூலையில் குழிதோண்டிப் புதைத்தால் பொருள் கண்ணுக்கு மறையும், நஞ்சு மறையாது.

செம்புக்காக எரிப்பவர்கள்

வருமானம் குறைந்த குடும்பங்களில் பிள்ளைகள் பழைய வயர்களை எரித்துச் செம்பு எடுத்து, பழைய இரும்பு வாங்குபவரிடம் விற்பதுண்டு. வயரின் உறை எரியும்போது டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு புகையில் கலக்கிறது. எரித்த செம்பைவிடக் கத்தியால் உரித்தெடுத்த செம்புக்குப் பொதுவாக விலையும் கூட. நெருப்பு வைத்தால் நெஞ்சும் கெடும், காசும் குறையும்.

இந்த வழியில் போன ஊர் ஒன்று உண்டு. சீனாவின் குய்யு முன்பு நெல் விளைந்த ஊர். பின்னர் வெளிநாடுகளின் பழைய கணனிகளை உடைக்கும் தொழில் அங்கே பெருகியது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த 165 சிறு பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இரத்தத்தில் ஈயம் அளவுமீறி இருந்தது. வறுமை காரணமாக ஏற்ற தொழிலுக்குப் பிள்ளைகளே விலை கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008இல் வெளியான ஒழுங்குவிதிகள் மின்னணுக் கழிவையும் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே கையாளவேண்டிய கழிவுகளுள் சேர்த்தன. 2021 ஒக்டோபரில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தபால் திணைக்களமும் இணைந்து தபாலகங்களில் இக்கழிவைச் சேகரித்தன. இத்தகைய ஏற்பாடு எமது பிரதேசத்திலும் ஒழுங்காக நடைபெறவேண்டும் என்று கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. பழுதானதும் புதிது வாங்காமல் முதலில் திருத்தப் பாருங்கள். மெதுவாக இயங்கும் கணனி பலவேளைகளில் நினைவகத்தைக் கூட்டினாலே புத்துயிர் பெறும். உப்புக்காற்றும் தூசியும் அதன் எதிரிகள். பாவிக்காதபோது துணியால் மூடுங்கள்.

2. ஒரு கணனியைப் பலர் பாவியுங்கள். 2005 முதல் கிராமங்களில் திறக்கப்பட்ட அறிவகங்களின் நோக்கமும் இதுவே.

3. வேலை முடிந்ததும் சுவர் ஆளியை அணையுங்கள். திரையில் படம் ஓடவிடுவது மின்சாரத்தைச் சேமிப்பதில்லை. தீவின் தென்கரையில் 2020 முதல் காற்றாலைகள் சுழன்றாலும், நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு இன்னும் நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்தே வருகிறது.

4. பழைய பற்றரிகளை எரிக்கவோ குத்தவோ வேண்டாம். ஈரம்படாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் சேர்த்து வையுங்கள்.

5. யாராவது பழைய கணனிகளை அன்பளிப்பாகத் தர முன்வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது வேலை செய்கிறதா? இதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுதானால் யார் திருப்பி எடுப்பார்? இடம்பெயர்ந்தவர்கள் என்பதற்காக நாம் பிறருடைய குப்பையை நன்றியோடு வாங்கவேண்டியதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், பொருளை எறியும் பழக்கத்தையும் ஏழை மனிதரை ஒதுக்கும் பழக்கத்தையும் ஒன்றாகவே கண்டிக்கிறது. இரண்டையும் அனுபவித்து அறிந்தவர்கள் நாம். எமது பிள்ளைகளுக்குக் கணனி அறிவு வேண்டும். அதை மறுப்பது அவர்களை மீண்டும் பின்தள்ளுவதாகும். ஆனால் படித்து முடித்து அவர்கள் திரும்பி வரும்போது, கிணற்று நீர் குடிக்கத்தக்கதாக இருக்கவேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.