10 கிலோ வெங்காயத்துக்கு ஃபிளாட்டில் இடம் இருக்கு

வங்கி வேலை முடித்து சின்ன வெங்காயம் போடுகிறேன். "ஒரு கிலோ போதும் சார், ஃபிளாட்டில் வைக்க இடமில்லை" என்கிறார்கள் சென்னை வாடிக்கையாளர்கள். தரை நிறைந்திருந்தாலும் தலைக்கு மேலே காலியாத்தான் இருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் காட்டில் போடும் பட்டறையை நினைத்துப் பாருங்கள். தரையில் படாமல் உயர்த்தி, அகலத்தைக் குறுக்கி, மேலே கீற்று வேய்கிறோம். காற்று ஊடே போவதால் வெங்காயம் இரண்டு, மூன்று மாதம் நிற்குது. ஃபிளாட்டுக்கும் அதே கணக்குதான்.

நன்றாகக் காய்ந்த வெங்காயத்தை 2 கிலோ வீதம் வலைப்பையில் கட்டி, பால்கனி கம்பியில் 5 பையாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். வெயில், சாரல், பிளாஸ்டிக் பை கூடாது. வாரம் ஒருமுறை அழுகலைப் பொறுக்கணும். முளைத்ததைத் தொட்டியில் ஊன்றினால் தாள் கிடைக்கும்.

இப்படி 50 வீடு சேர்ந்தால், விலை சரியும் அறுவடை நேரத்தில் அரை டன் நேரடியாக விற்றுவிடும்.